பார்தேனாஸ் வெளியிலே

வாயினாற் சைக்கிள் என்று சொல்லிப் பேனாவினால் துவிச்சக்கர வண்டி என்று நாம் எழுதும் அந்த வாகனம் யாழ்ப்பாணத்தவர் வாழ்வோடு எவ்வளவு ஒட்டியது என்பதை வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போவதும் அதிலே, சந்தைக்குப் போவதும் அதிலே. மாப்பிள்ளை பார்க்கப் போவதும், செத்த வீட்டுச் செய்தி சொல்லப் போவதும் அதிலேயே. அத்தகைய ஊரிற் பிறந்த நாம், கடல் கடந்து ஸ்பெயின் தேசத்துக்குப் போய், அங்கே காசு கொடுத்து ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்து, புல்லும் புதருமான ஒரு வறண்ட வெளியில் ஒரு பகல் முழுவதும் மிதித்துவிட்டு வந்தோம் என்றாற் கேட்பவர் சிரிப்பர். எமது பாடசாலையின் ஆசிரியர் அறையிலே சிரிக்கத்தான் செய்தார்கள். "மாஸ்டர், இதற்குப் பச்சிலைப்பள்ளிப் பக்கம் போயிருந்தாற் பஸ் காசோடு முடிந்திருக்குமே" என்றார் ஒரு நண்பர். அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை.

எமது தமக்கையார் பிரான்சு தேசத்தின் தெற்கே துலூஸ் நகரில் இருபத்தாறு ஆண்டுகளாக வாழ்கின்றார். 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் மாத விடுமுறையில் அவரைப் பார்க்கப் போயிருந்தோம். அவருடைய மகள், எமக்கு மருமகள் முறையானவள், அங்கே பல்கலைக்கழகத்திற் படிக்கின்றாள். "மாமா பூமிசாஸ்திரம் படிப்பிக்கிறவர், அவருக்கு ஈபெல் கோபுரம் காட்டி என்ன பயன்? நான் ஓர் இடம் காட்டுகிறேன்" என்று அவளே இந்தப் பிரயாணத்தைத் திட்டமிட்டாள். பதினேழு வருடங்களாகக் கரும்பலகையிலே ஸ்தெப்பி வெளிகளைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, பாலைவனத்துக்கும் புல்வெளிக்கும் இடைப்பட்ட அரைவறள் நிலம் அது என்று மாணாக்கருக்கு ஓதி வந்த நாம், அத்தகைய நிலம் ஒன்றைக் கண்ணாற் கண்டதில்லை. ஸ்தெப்பி என்றதும் ருஷ்யாவும் மங்கோலியாவுமே எமது நினைவுக்கு வரும். ஸ்பெயினிலும் அவ்வகை நிலம் உண்டென்று அறிந்திருந்தோமேயன்றி, அது மூன்று வேளைச் சோற்றுப் பொட்டலத்தோடு போய்வரக்கூடிய தூரத்தில் இருக்கும் என்று நினைத்தோமல்லோம்.

காலையிற் காரிற் புறப்பட்டோம். பிரனீஸ் மலைத்தொடரின் பிரெஞ்சுச் சாரலெங்கும் ஒரே பச்சை, மேகம் மரங்களின் தலைமேல் உட்கார்ந்திருந்தது, மழை தூறிக்கொண்டிருந்தது. மலையைக் குடைந்து எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் நீளமாக அமைத்த சொம்போர் சுரங்கப் பாதைக்குள் நுழைந்து அப்புறம் வெளிப்பட்டதும் வானம் நீலமாகக் கிடந்தது. கீழே இறங்க இறங்க மரங்கள் குட்டையாயின; புல் வெளிறியது; மண் முகம் காட்டியது. மழைநிழல் என்றால் என்ன என்பதை விளக்க நாம் ஆண்டுதோறும் இரண்டு பாடவேளை செலவிடுகிறோம். அதைப் பிரனீஸ் மலை பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டது.

நாம் போன இடத்துக்குப் பெயர் பார்தேனாஸ் ரியாலெஸ். நவார்ரா மாகாணத்தின் தென்கிழக்கு மூலையிலே, எப்ரோ நதியின் பள்ளத்தாக்கில், ஏறக்குறைய 42 ஆயிரம் ஹெக்டேயர் பரப்பிற் கிடக்கும் வெளி. ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 400 மில்லிமீற்றரை எட்டாது. அதாவது எங்கள் யாழ்ப்பாணத்துப் பெய்வதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. அதுவும் சிறுகச் சிறுகப் பெய்வதில்லை. சில நாட்களிற் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடுமாம். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன்னர் எப்ரோ வடிநிலம் கடலுக்கு வழியில்லாமல் மலைகளால் அடைபட்டுக் கிடந்தது. மலைகளிலிருந்து வந்த வண்டலும் களியும் அங்கே தங்கிப் படை படையாகப் படிந்தன. பிற்காலத்தில் மத்தியதரைக் கடலுக்கு வழி திறந்தது. திறந்த நாள்முதல் நீர் அந்தக் களியை அரித்துக்கொண்டேயிருக்கின்றது. மேலே கடினமான மணற்கல்லோ சுண்ணக்கல்லோ மூடியிருந்த இடங்கள் மேசைபோல் தட்டையான குன்றுகளாய் எஞ்சின. மூடியில்லாத இடங்கள் கரைந்து பள்ளங்களாயின. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் இதனை உயிர்க்கோளக் காப்பகமாக அங்கீகரித்தது. 2016 இல் ஒளிபரப்பான 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரிற் குதிரை வீரர் கூட்டம் உலாவும் புல்வெளிக் காட்சிகள் சிலவற்றை இங்கேதான் படம் பிடித்தார்களென மருமகள் சொன்னாள். அவளுக்கு அதுவே இவ்விடத்தின் முதற் பெருமை.

அன்றிரவு ஆர்கேதாஸ் என்னும் சிற்றூரிலே தங்கினோம். ஊருக்குப் பின்னே எழும் செங்குத்தான களிமலையில் வரிசை வரிசையாகக் குகை வீடுகள். கதவு இருந்த இடமும் யன்னல் இருந்த இடமும் கரிய பொந்துகளாய்த் தெரிந்தன. நூற்றாண்டுக் கணக்கிற் பழையவை என்று எண்ணினோம். 1960களின் காலம்வரை அவற்றில் ஏழைக் குடும்பங்கள் குடியிருந்தன என்று அறிந்தபோது வியப்பாயிருந்தது. தமக்கையார் அவற்றை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "வெயிலுக்கு நல்ல குளிர்ச்சியாய் இருந்திருக்கும்" என்று மாத்திரம் சொன்னார்.

மறுநாட் காலை சைக்கிள் வாடகைக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கொடுத்தவை மலைச் சைக்கிள் என்னும் வகையைச் சேர்ந்தவை. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1970களிற் சில இளைஞர்கள் பழைய தடித்த ரயர்ச் சைக்கிள்களில் மலைச்சரிவில் இறங்கி விளையாடியதிலிருந்து பிறந்த வாகனம் இது. பனங்காய் போற் பருத்த ரயர். முன் கவட்டில் அதிர்ச்சியை விழுங்கும் வில். கைப்பிடியருகே கியர் மாற்றும் நெம்பு. கரியர் இல்லை, மணி இல்லை, செயினுக்கு மூடி இல்லை. கரியர் இல்லாத சைக்கிள் எதற்கு உதவும் என்று எமக்குள்ளே ஒரு கேள்வி எழுந்ததை மறைப்பதற்கில்லை. பெயர்தான் மலைச் சைக்கிளேயன்றி, நாம் போகவேண்டிய பாதையில் மலை ஏதும் இல்லை. பார்தேனாவின் நடுவிலே 'வெள்ளைப் பார்தேனா' என்று அழைக்கப்படும் தாழ்ந்த சமவெளியைச் சுற்றிச் செல்லும் கிறவல் பாதை அது. முழுவதும் சுற்றினால் இருபது மைலளவு. ஏற்றம் இறக்கம் சொற்பம். குழந்தைகளும் முதியோரும் போகும் பாதை.

இருந்தும் தமக்கையார் ஏற மறுத்தார்.

"நான் இனிச் சைக்கிள் மிதிக்கிற வயசோ? நீங்கள் ரெண்டு பேரும் போட்டு வாருங்கோ. நான் காரிலை இருக்கிறன்."

"அம்மா, இது லேசான பாதை. சின்னப் பிள்ளையளும் போகினம்" என்றாள் மகள்.

ஐம்பது வயது ஒரு வயதா? எமக்குத் தெரிந்த வரையில், எமது கிராமத்துப் பெண்பிள்ளைகளுள் அவரைப்போற் சைக்கிள் ஓடியவர் இல்லை. பிரான்சுக்குப் போன பின்னர் அவர் ஒரு தடவையேனும் ஏறியதில்லை என்பது அப்பொழுதுதான் தெரிய வந்தது. மகளுக்கோ, தாய்க்குச் சைக்கிள் ஓடத் தெரியும் என்பதே புதிய செய்தி. அவள் தந்தையிடமிருந்தே பழகியிருந்தாள். நாம் வற்புறுத்தவில்லை. கடைக்காரர் மூன்றாவது சைக்கிளின் சீற்றைத் தாமாகவே பதித்து, தமக்கையாரின் உயரத்துக்குச் சரி செய்து, ஒரு சொல்லும் சொல்லாமற் சுவரோடு சாய்த்துவிட்டு உள்ளே போனார். அவர் அப்படிப் போனதனாலேதான் போலும், தமக்கையார் அதனைக் கையிலே பிடித்தார்.

தகவல் நிலையத்தடியிற் காரை நிறுத்திவிட்டு மிதிக்கத் தொடங்கினோம். முதற் பத்து யார் தமக்கையாரின் முன்சக்கரம் பாம்புபோல் நெளிந்தது. பின்னர் நேராயிற்று. உடம்பு கற்றது மறக்காது என்பதைக் கண்ணாற் கண்டோம்.

அந்த வெளியை எவ்வாறு சொல்வது? ஏப்ரல் மாதமாதலால் இடையிடையே கோதுமையும் வாற்கோதுமையும் முழங்காலளவு பச்சையாய் நின்றன. அப்பச்சையின் விளிம்பிலிருந்து உடனேயே சாம்பல் வெள்ளையான களி தொடங்கும். களியிலே வெடிப்பு, வெடிப்பு ஓடையாகி, ஓடை பள்ளமாகி, பள்ளம் ஓர் ஆள் மறையும் ஆழமாகிப் போய்க்கொண்டிருக்கும். தொலைவிலே தட்டைத் தலைக் குன்றுகள், சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகக் கோடு கீறியவை, ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன. ஒரு மரம் இல்லை. மரமில்லாத இடத்திலே தூரம் கண்ணை ஏமாற்றுகிறது. கால் மணித்தியாலத்தில் எட்டிவிடலாம் என்று நாம் எண்ணிய குன்று ஒரு மணி நேரம் மிதித்தும் அதே அளவிலே நின்றது.

பாதையோரத்துச் செடிகளோ முழந்தாளுக்கு மேல் வளர்வதில்லை. றோஸ்மேரியும் தைமும் காற்றில் மணந்தன. சாம்பல் நிறத்து ஒரு செடியைக் கசக்கி மோந்தால் மாசிபத்திரியின் காட்டமான வாசம். மருந்துக் கடைக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. அதுவும் மாசிபத்திரியின் இனமே. உப்பு மண்ணில் எமது களப்போரங்களில் வளரும் உமரியின் உறவுச் செடி ஒன்றும் அங்கே எங்கும் பரந்திருந்தது. அதனைச் செம்மறிகள் விரும்பி மேயுமாம். வானத்திலே பாறுக் கழுகுகள் சிறகசைக்காமல் வட்டமிட்டன. அவற்றினின்று வேறாய், உருவிற் சிறியதாய், வெள்ளை உடலும் கரிய சிறகோரமுமாக ஒன்று தாழப் பறந்தது. மஞ்சள்முகப் பாறு. தமிழ்நாட்டிலே திருக்கழுக்குன்றத்து மலைமேல் நெடுங்காலமாக நாள்தோறும் வந்து சோறுண்டு போன கழுகுகள் இவ்வினத்தவையே. அங்கே அவை வருவது நின்றுபோயிற்று. இங்கே ஒன்றைக் கண்டது எமக்குக் கோயிலுக்குப் போனதுபோல் இருந்தது.

இவ்வெளிக்கு ஊரில்லை, எந்த நகரசபைக்கும் இது சொந்தமில்லை. இருபத்திரண்டு பங்காளிகளுக்குப் பொதுவான நிலம் இது. அவற்றுட் பத்தொன்பது சுற்றுவட்டார ஊர்கள். இரண்டு பிரனீஸ் மலையிலுள்ள ரொன்கால், சலசார் என்னும் பள்ளத்தாக்குகள். எஞ்சிய ஒன்று லா ஒலிவா என்னும் கிறித்துவத் துறவிகளின் மடம். 1705 ஆம் ஆண்டில் ஐந்தாம் பிலிப்பு மன்னர் பணம் பெற்றுக்கொண்டு இவர்களுக்கு இதனை என்றென்றும் அனுபவிக்கும் உரிமையைக் கொடுத்தார். ரொன்கால் இடையர்கள் இன்றும் ஆண்டுதோறும் செத்தெம்பர் 18 ஆந் திகதி, மலையிலே பனி விழ முன்னர், தம் செம்மறி மந்தைகளை எண்பது மைலளவு நடத்திக் கொண்டுவந்து இங்கே நுழைகின்றனர். அத்திகதிக்கு முன்னர் ஒரு மறியும் உள்ளே கால் வைக்க இயலாது. புல் காய்ந்ததும் மீண்டும் மலை ஏறுவர். ஒரு காணித் துண்டுக்காக மூன்று தலைமுறை வழக்காடும் ஊரிலிருந்து போன எமக்கு, இருபத்திரண்டு பங்காளிகள் முந்நூறு வருடமாக ஒரு நிலத்தை வேலி போடாமல் ஆள்கின்றனர் என்பது நம்பத்தகாத கதைபோல் இருந்தது.

நம்பத்தகாத கதை என்றதும், பதினைந்தாம் நூற்றாண்டிலே இவ்வெளியில் ஒளித்திருந்த சான்சிகொர்ரோத்தா என்னும் கொள்ளைத் தலைவனைச் சொல்லவேண்டும். தன்னைத் தேடுவோர் எதிர்த்திசையிற் போகும்படி அவன் குதிரைகளுக்கு லாடத்தை முன்பின்னாக மாற்றி அடித்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. 1452 இல் அரசனின் குதிரைப் படை சூழ்ந்தபோது தன் கத்திக்குத் தானே இரையானான். இதனை மருமகள் கைபேசியிற் பார்த்து வாசிக்க, தமக்கையார், "எங்கடை ஊரிலை சைக்கிள் கள்ளருக்கு இது தெரியாமற் போச்சு" என்றார். நாம் ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிள் களவு என்ற பேச்சு வந்தால் நாம் மௌனமாகிவிடுவது இருபத்தெட்டு வருடப் பழக்கம். அதன் காரணம் பின்னால் வரும்.

காற்று முதுகிலே தள்ள, மிதியாமலே போய்க்கொண்டிருந்தோம். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் காஸ்தில் தெ தியெர்ரா என்னும் இடத்தை அடைந்தோம். 'மண்கோட்டை' என்பது பெயரின் பொருள். கரைந்து கூம்பாகிப்போன களிமண் தூண் ஒன்று, தலையிலே மணற்கல் தொப்பியோடு தனியே நிற்கின்றது. தொப்பி இருக்கும்வரை தூண் இருக்கும். அது விழுந்தால் அடுத்த மாரிகள் தூணைக் கரைத்துவிடும். பார்தேனாவைப் பற்றிய எந்தப் படத்திலும் இதுவே முன்னே நிற்கும். பத்திருபது பேர் நின்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பொழுதுதான் வானம் கிழிந்தது.

இரண்டு போர் விமானங்கள் குன்றுகளுக்கு மேலாகத் தாழப் பறந்து வந்தன. உருவம் முந்தி, ஓசை பிந்தி. அங்கு நின்றவர்கள் அனைவரும் கைபேசிகளை மேலே உயர்த்தினார்கள். நாம் மட்டும், ஏன் என்று எண்ணுவதற்கு முன்னரே, முழங்கால் மடிந்து பாதையோரத்திற் குந்தியிருந்தோம். திரும்பிப் பார்த்தோம். தமக்கையாரின் சைக்கிள் சக்கரம் சுழல விழுந்து கிடந்தது. அவர் வாய்க்காலுக்குள் முகம் குப்புறப் படுத்து, இரு காதுகளையும் பொத்தி, வாயை அகலத் திறந்து வைத்திருந்தார். வாயைத் திறந்திருந்தாற் காதுச் சவ்வு கிழியாது என்று எமக்குச் சிறு வயதிற் சொல்லித் தந்தவரும் அவரே.

இவ்வெளியின் நட்டநடுவே 1951 முதல் ஸ்பெயின் விமானப் படையினர் குண்டு வீசிப் பழகும் களம் ஒன்று உள்ளது. அதற்கென அரசாங்கம் பங்காளிகளுக்குப் பணம் செலுத்துகின்றது. களம் வேண்டாமென்று ஊர்வலம் போவோரும் உண்டு. நாம் சுற்றிய பாதையே அக்களத்தைச் சுற்றிய பாதைதான். உட்செல்லக் கூடாதென்ற அறிவிப்புப் பலகைகளைக் காலை முதற் கடந்துதான் வந்தோம். பறவைக்கும் செம்மறிக்கும் என்று காக்கப்படும் நிலத்தின் நடுவிலே இது எப்படி என்று கேட்டால், விடை சொல்ல எமது பூமிசாஸ்திரத்தில் இடமில்லை. வார நாட்களில் விமானங்கள் வரலாமென்று மருமகள் படித்திருந்தாள். அது ஒரு விநோதக் காட்சியாக இருக்கும் என்றே அவள் எண்ணியிருந்தாள்.

"அம்மா, விழுந்திட்டீங்களோ?" என்று ஓடி வந்தாள்.

"ஓம் பிள்ளை. சறுக்கிப் போட்டுது" என்றார் தமக்கையார், சட்டையிலே படிந்த வெள்ளைக் களியைத் தட்டிக்கொண்டே.

அவள் எம்மை ஒரு தரம் பார்த்தாள். தாயை ஒரு தரம் பார்த்தாள். "மாமா, நீங்களும் சறுக்கினீங்களோ?"

அக்கேள்விக்கு நாம் இருவரும் விடை சொல்ல முடியாமல் நின்று, பின்பு சிரித்துவிட்டோம். சிரித்தபடியே தமக்கையார் ஓர் இடையர் குடிலின் நிழலிற் போய் உட்கார்ந்தார். சோற்றுப் பொட்டலத்தை அவிழ்த்தோம். அவர் மகளுக்குச் சொல்லத் தொடங்கினார். அவள் பிறந்து இருபது வருடமாகச் சொல்லாத சங்கதிகள்.

1990 முதற் பெற்றோலும் மின்சாரமும் இல்லாத யாழ்ப்பாணத்திலே சைக்கிள்தான் வாகனம் என்பதைச் சொன்னார். பற்றறியும் கிடையாமையால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டதைச் சொன்னார். அச்செய்தி கேட்பதற்காகச் சுற்றிச் சுற்றிக் கை நொந்தவர் நாம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி மாலை வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததைச் சொன்னார். மழை, இருட்டு, நாவற்குழிப் பாலத்தை நோக்கி ஒரு தெருவில் இலட்சக்கணக்கான சனம். ஐயா அவருக்குப் பரிசாக வாங்கிக் கொடுத்த லுமாலாச் சைக்கிளின் கரியரில் அம்மம்மாவை இருத்தி, ஹாண்டிலிலே இரண்டு பைகளைத் தூக்கி, விடிய விடிய அவர் தள்ளிக்கொண்டு போனார். ஏறி மிதிக்க ஓரடி இடம் இருக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பையனாகிய நாம் பின்னாலே அம்மம்மாவின் முதுகைத் தாங்கிக்கொண்டு நடந்தோம்.

"அந்தச் சைக்கிள் பிறகு எங்கை?" என்று கேட்டாள் மகள்.

நாம் எழுந்து தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போனோம். அந்தக் கேள்விக்கு விடை எமக்குத் தெரியும் என்று எண்ணியிருந்தோம். சாவகச்சேரியிலே நாம் தங்கியிருந்த பாடசாலை விறாந்தையில் ஒரு நாட் பின்னேரம், சைக்கிளைப் பார்த்துக்கொள் என்று எம்மிடம் ஒப்படைத்துவிட்டு அம்மா கிணற்றடிக்குப் போனார். நாம் தூங்கிப்போனோம். விழித்தபோது சைக்கிள் இல்லை. "களவு போட்டுது" என்று தமக்கையார் எல்லாரிடமும் சொன்னார். ஒருவரும் எம்மை ஏசவில்லை. ஒரு சொல் ஏசியிருந்தால் அது அன்றோடு போயிருக்கும்.

"வித்துப்போட்டன்" என்றார் தமக்கையார்.

போத்தலோடு நாம் அப்படியே நின்றோம்.

"அம்மம்மாவுக்கு நெஞ்சிலை சளி. மருந்துக்குக் காசில்லை. ஐயா வாங்கித் தந்ததை விக்கிறன் எண்டால் அம்மா விடமாட்டா. அம்மம்மா அறிஞ்சால் மருந்தே குடிக்கமாட்டா. தம்பி நித்திரையாய்க் கிடந்தான். மெல்ல உருட்டிக்கொண்டு போய்க் குடுத்துப்போட்டு, களவு போட்டுது எண்டு சொன்னன். அம்மம்மா அந்த மார்கழியே போட்டா. பிறகு வேறை சைக்கிளிலை ஏற மனம் வரேல்லை. அவ்வளவுதான். பொம்பருக்குப் பயந்து இல்லை."

"அக்கா," என்றோம், "நான்தான் அதைத் துலைச்சனான் எண்டு இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்."

அவர் எம்மைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. "ஆர் உனக்கு அப்பிடிச் சொன்னது?" என்றார்.

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"நீ நித்திரை எண்டல்லோ நான் துணிஞ்சு எடுத்தனான். உனக்கு ஏச்சு விழுமோ எண்டு பாத்தன். ஒருத்தரும் ஏசேல்லை. அதோடை நான் மறந்திட்டன்." பின்னர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு, "சோறு ஆறுது, சாப்பிடு" என்றார்.

மருமகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எம் பேச்சிற் பாதி விளங்கியிராது. விளங்கிய பாதியை அவள் எவ்வாறு எடுத்துக்கொண்டாள் என்று நாம் கேட்கவுமில்லை. விமானங்கள் இன்னும் ஒரு தரம் வந்து போயின. இம்முறை தமக்கையார் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கறியை நீட்டினார்.

முழு வட்டத்தையும் சுற்றும் எண்ணம் அன்றைக்குப் போய்விட்டது. வந்த வழியே திரும்பினோம். அப்பொழுதுதான் காலையில் எம்மை முதுகிலே தள்ளிய நண்பன் யார் என்பது தெரிந்தது. வடமேற்கிலிருந்து எப்ரோப் பள்ளத்தாக்கு வழியே குழாய்க்குள் ஊதியதுபோல் வீசும் சியெர்சோ என்னும் காற்று அது. குளிர்ந்தது, வறண்டது, உதட்டை ஒரு மணி நேரத்தில் வெடிக்கச் செய்துவிடும். இலேசான பாதை என்று எழுதியவர்கள் காற்று எப்பக்கம் என்பதையும் எழுதியிருக்கலாம். மிகச் சிறிய கியரைப் போட்டு மிதித்தும் நடைவேகமே கிடைத்தது. மழை பெய்யாதது மட்டும் பாக்கியம். ஈரமானால் இந்தக் களி சக்கரத்துக்கும் கவட்டுக்கும் இடையில் அப்பிச் சைக்கிளை நகரவிடாதாம்.

பாதி வழியில் மருமகளின் பின்சக்கரம் இறங்கிவிட்டது. ஏதோ ஒரு முள். அவள் கைபேசியை எடுத்துக் கடைக்காரரை அழைக்க முனைந்தாள். அவ்வெளியிலே தொடர்பு கிடைக்கவில்லை. சீற்றின் கீழிருந்த சிறு பையைத் தமக்கையார் திறந்தார். உள்ளே இரண்டு பிளாஸ்திக் நெம்புகள், அரத்தாட் துண்டு, ஒட்டுக்கள், ஒரு சிறு சொலூசன் குழாய், கைப்பம்.

"உதைத் தலைகீழாய் நிப்பாட்டு, தம்பி" என்றார்.

நாம் நிறுத்தினோம். அவர் சக்கரத்தைக் கழற்றி, ரயரின் ஒரு பக்கத்தை நெம்பி, ரியூப்பை உருவினார். வாளித் தண்ணீருக்கு எங்கே போவது? காற்றை அடித்துவிட்டு ரியூப்பை அங்குலம் அங்குலமாகக் கன்னத்தருகே கொண்டுபோனார். ஓரிடத்தில் நின்றார். விரலிலே எச்சில் தொட்டுத் தடவ, நுரை கொப்பளித்தது. ரயரின் உட்புறத்தைக் கையாற் தடவி முள்ளைப் பிடுங்கி எறிந்த பின்னரே ஒட்டுப் போட்டார். முள்ளைத் தேடாமல் ஒட்டுப் போடுபவன் திரும்பவும் ஒட்டுப் போடுவான் என்று எமது சந்தியிற் சைக்கிள் கடை வைத்திருந்தவர் சொல்வார். சொலூசன் காயும்வரை ஊதிக்கொண்டு பொறுத்திருந்தார். அது காயமுன் ஒட்டுவதுதான் பழகாதவர் விடும் பிழை. எல்லாமாய்ப் பதினைந்து நிமிடம். மகள் முழந்தாளிட்டு உட்கார்ந்து, இருந்த இடம் விட்டு அசையாமற் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் காட்டித் தாங்கோ அம்மா" என்றாள்.

"அடுத்த முள்ளுக் குத்தேக்கை நீ போடு."

அவளுக்கு அந்த அதிர்ட்டம் வாய்க்கவில்லை. வேறு முள் குத்தவில்லை. எஞ்சிய தூரத்தில் தமக்கையார் முன்னே போனார். அவருக்குப் பின்னே, அவருடைய முதுகு காற்றை மறைக்கும் இடமாகப் பார்த்து நாம் மிதித்தோம். அதற்குப் பின்னே மருமகள். பொழுது சாயச் சாயக் குன்றுகளின் வெள்ளை மறைந்து மஞ்சளாகி, பின்பு செம்மண் நிறமாயின. சூரியன் மறைய ஒரு மணி நேரத்துக்கு முன்னர் வெளியேறிவிட வேண்டும் என்பது அவ்விடத்து விதி. மட்டுமட்டாகத்தான் வெளியேறினோம்.

கடைக்காரர் சக்கரங்களை ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தார். பின்சக்கரத்தின் விளிம்பிலே களிமண் விரலடையாளங்களைக் கண்டு, ரயரை அழுத்திப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டார். மருமகள் ஸ்பானிய மொழியில் விடை சொன்னாள். விடையினிடையே தாயைச் சுட்டிக் காட்டினாள். அவர் தமக்கையாரின் கறுத்த விரல்களைப் பார்த்து, உள்ளே போய், எண்ணெய் அழுக்குப் போக்கும் சவர்க்காரத்தையும் ஒரு துவாயையும் கொண்டுவந்து கொடுத்தார். ஒட்டுக்கும் சொலூசனுக்கும் காசு வேண்டாம் என்றார்.

கை கழுவிக்கொண்டு நின்ற தமக்கையார் அவரிடம் ஒன்று கேட்கச் சொல்லி மகளை ஏவினார். இந்தச் சைக்கிளுக்குக் கரியர் பூட்டலாமோ என்பதே கேள்வி. பூட்டலாம் என்றார் கடைக்காரர்.